ரெண்டு வளையம் போதும்

சங்கரி: ...மூணு வளையம் வச்ச வயரு வேண்டவே வேண்டாம் தம்பி. ரெண்டு போதும். கேக்கணும், அம்புட்டுதான்.

சத்தியநேசன்: யக்கா, டவுண்ல பத்து வருசமா இந்த ஹெட்போன் கடை வச்சிருக்கேன். மைக் வேண்டாம்னு அடிச்சுச் சொல்லுத மொத ஆளு நீங்கதான்.

சங்கரி: மூணு இருந்தா நாம பேசுததும் அங்கன போயிருமோ?

சத்தியநேசன்: போகும். வயரு நுனியப் பாருங்க. கருப்பு வளையம் ரெண்டுன்னா இடது காது, வலது காது, தீந்துது. மூணுன்னா கூட ஒரு மைக்கு.

சங்கரி: அப்போ ரெண்டுதான். ஒட்டுக் கே... கேட்டா போதும்.

சத்தியநேசன்: சரி சரி, ஹெட்போனக் காட்டுங்க. யாருது?

சங்கரி: எங்க அக்கா மவன் சிவகணேஷோடது. காலேஜு படிக்கான்லா. என்ன, கையில வாங்குனவன் அப்படியே நிக்க?

சத்தியநேசன்: இது அருணாசலம் அண்ணாச்சியோடதுல்லா.

சங்கரி: ஒனக்கு எப்படித் தெரியும்?

சத்தியநேசன்: இடது காதுல கம்பிய ஒட்டி ஈயம் வச்சிருக்கு... எங்கேயோ பாத்த மாதிரி இருந்துச்சு.

சங்கரி: எங்கேயோன்னா... எங்க?

சத்தியநேசன்: விடுங்கக்கா. அவரு ஆத்தோட போயி மூணு மாசம் ஆவுது. இது ஒங்க கைக்கு எப்படி வந்துச்சு?

சங்கரி: அடுத்த வீடுதான. அவரு பொஞ்சாதி விஜயஸ்ரீ அமாவாசைன்னு பாபநாசம் போயிருக்கா. செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி சாவிய எங்கிட்டத்தான் குடுத்தா. செடிப் பக்கத்துல இது கெடந்துச்சு.

சத்தியநேசன்: செடிப் பக்கத்துல?

சங்கரி: செடி, பீரோ... எல்லாம் ஒரே வீட்டுலதான இருக்கு! பூனை குதிச்சுது, பதறி இழுத்தேன், வயரு அந்துட்டுது. அஞ்சு மணி பஸ்ஸுல அவ வந்துருவா. அதுக்குள்ள இருந்த எடத்துல வச்சிரணும்.

சத்தியநேசன்: இருங்க... இந்த வயரு ஹெட்போன் ஓட்டையில லொடலொடங்குது. ரெண்டரை மில்லி, ஒல்லி. இதுக்கு மூணரை வேணும்... இந்தா, இது கச்சிதமா உக்காந்துட்டு.

சங்கரி: வயரு நடுவுல என்ன, மொச்சைக்கொட்டை கணக்கா?

சத்தியநேசன்: சத்தம் கூட்டக் கொறைக்க உள்ளதுதான். ஆமா, ஒங்க போன்ல உருண்டை ஓட்டையே இல்லையே, டைப்-சிதான? அதுல மாட்ட ஒரு குட்டி வயரு தனியா வாங்கணும்...

சங்கரி: போன்ல மாட்ட வேண்டாம்.

சத்தியநேசன்: பொறவு எதுல மாட்ட?

சங்கரி: எதுலயும் வேண்டாம்.

சத்தியநேசன்: வெளையாடாதிய.

சங்கரி: அவ எதுலயும் மாட்டுதது இல்ல தம்பி. துணி காயப் போடுத சாக்குல மாடியில நின்னு ஒரு மாசமா நானும் பாக்கேன். இதக் காதுல போட்டுக்கிடுவா. வயரு நுனி மடியில சும்மா கெடக்கும். சிரிக்கா. அழுவுதா. தலைய ஆட்டுதா. வாய மட்டும் தொறக்குததே இல்ல.

சத்தியநேசன்: ரெண்டு வளையம். பேசுனாலும் போகாதுல்லா.

சங்கரி: பாத்தியா, ஒனக்கே சட்டுனு வெளங்குது!

சத்தியநேசன்: அது... சும்மா சொன்னேன். நீங்க காதுல வச்சுப் பாத்தியளோ?

சங்கரி: ஒரே நிமிசம். மொதல்ல ஆத்துச் சத்தம். குறுக்குத்துறைக் கல்லுல தண்ணி அலம்புமே, அது. பொறவு இருமுனாரு. இருவது வருசமா சொவத்துக்கு இந்தப் பக்கம் கேட்ட இருமல், எனக்குத் தெரியாதா? பொறவு பைய, "விஜயா, பேட்டைக் கதைய யாரு கெளப்புனதுன்னா"ன்னு ஆரம்பிச்சாரு... அந்த நேரம் பாத்துப் பூனை குதிச்சிட்டுது.

சத்தியநேசன்: ...எந்தப் பேட்டைக் கதை?

சங்கரி: பச்சைப்புள்ளை! பேட்டையில தனியா இருக்க வடிவம்மாள் பட்டறைக்கு அருணாசலம் அண்ணாச்சி அடிக்கடி போறாருன்னு எங்கிட்டச் சொன்னது நீதான?

சத்தியநேசன்: நான் கேலிக்குச் சொன்னேன். தெரு பூராவும் சொன்னது நீங்க.

சங்கரி: நாலே நாலு வீட்டுலதான் சொன்னேன்!

சத்தியநேசன்: ஒங்க வீட்ட விட்டா தெருவுல மொத்தமே அஞ்சு வீடுதானக்கா.

சங்கரி: ...அஞ்சாவது அவ வீடு. அங்க தானாப் போய்ச் சேந்துட்டுது. அவ ஒரு வாரம் அவருகிட்ட மொகங்குடுத்துப் பேசல. எட்டாம் நாளு ஆத்துக்குக் குளிக்கப் போனவருதான்... கெளப்புனது நான்னு தெரிஞ்சா சாவி குடுப்பாளா? எம்மூஞ்சில முழிப்பாளா? மிச்சத்த நான் கேட்டாகணும் தம்பி. நான் கேக்குதது மட்டும் அவருக்குத் தெரியக்கூடாது.

சத்தியநேசன்: அப்போ கொண்டு போயிக் கேளுங்க.

சங்கரி: நீ மொதல்ல காதுல வையி. எனக்குப் பயமா இருக்கு.

சத்தியநேசன்: நானா?

சங்கரி: யாருக்கு வித்தாலும் சோதிச்சுப் பாத்துத்தான குடுப்ப? வையி... தண்ணிச் சத்தம் வருதா?

சத்தியநேசன்: வருது... இருமுதாரு.

சங்கரி: ஏலே, மொகம் ஏன் இப்படி வெளுக்கு? எம் பேரச் சொல்லுதாரா?

சத்தியநேசன்: யக்கா... அந்த நுனியில வளையத்த எண்ணுங்க.

சங்கரி: ஒண்ணு... ரெண்டு... அடப் பாவி, மூணுல்லா இருக்கு!

சத்தியநேசன்: இதக் கையில வாங்குனதுமே பதறிட்டேன்... வயரு பெட்டிய மாத்தி எடுத்திருக்கேன். அந்த மொச்சைக்கொட்டைதான் மைக்கு.

சங்கரி: அப்போ... நாம இவ்வளவு நேரம் பேசுனது?

சத்தியநேசன்: பூராவும் கேட்டாராம். ஒங்க மேல வருத்தம் இல்லையாம், ஒங்க வாயி அவருக்குத் தெரிஞ்சதுதானாம். யக்கா... பொஞ்சாதிக்கு வாங்குன ஹெட்போனு ஒடஞ்சு போச்சுன்னு அவரு இந்தக் கடைக்குத்தான் வந்தாரு. அந்தம்மா ஈயம் வச்சுத் தரும்னு வடிவம்மாள் பட்டறைக்கு அவர அனுப்பி வச்சதே நான்தான். "ஊரே பேசும்போது, லே சத்தியநேசா, நீ ஏம்லே வாயத் தொறக்கல?"ன்னு கேக்குதாரு... கழட்டி வச்சிட்டேன் யக்கா, இன்னும் கேக்குதாரு.