காதைத் தொட்ட கை

பெயர்: தனித்தாளில் உள்ளபடி. வேலையிடத்தில் அழைக்கும் பெயர்: ரேடியோ. வயது: 51. தொழில்: கல்குவாரியில் கொடிக்காரர். முகவரி: குவாரிச் சாலை, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து, மூன்றாவது வீடு. யாரும் அழைக்காமல் தானே நிலையத்துக்கு வந்து, வியாழக்கிழமை காலை 9.40 மணிக்குச் சொல்லியது:

நான் மேற்படி முகவரியில் மனைவியுடன் வசித்து வருகிறேன். ஒரே மகள், வெளியூரில் வேலை பார்க்கிறாள். நேற்று முன்தினம் குவாரியில் நேரம் தவறி வெடித்த வெடி சம்பந்தமாகக் கம்ப்ரசர் ஓட்டுபவரை இங்கே விசாரணைக்கு வைத்திருக்கிறீர்கள். அவர்மேல் தப்பில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். என்னால் உட்கார முடியவில்லை, வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். வாசலில் நின்ற காவலர் தலை சுற்றுகிறது என்று சலித்துக்கொண்டார்.

இருபது வருடம் பாறை துளைத்ததில் எனக்கு இரண்டு காதும் மந்தம். அதன் பிறகு என்னைக் கொடி பிடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஒன்பது வருடமாக வலது காதில் ஒரு பழைய கருவி போட்டிருந்தேன். அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கத்தில் யாருடைய செல்போனாவது உயிரோடு இருந்தால் காதுக்குள் டிர்ர் டிர்ர் என்று இரையும். குவாரிக் குழிக்குள் சிக்னல் மோசம் என்பதால் போன் ஓயாமல் கோபுரத்தைத் தேடும், தேடத் தேட இரையும். இந்த இரைச்சலால் ஒன்பது வருடமாக என்னால் போனில் ஒரு வார்த்தை பேச முடிந்ததில்லை. மகள் தாயிடம் பேசுவாள், தாய் அதை என் காதருகே கத்துவாள், தெருவுக்கே எங்கள் குடும்பக் கதை தெரியும்.

குவாரியில் எங்களுக்கு ஒரு வழக்கம். மருந்தைப் பற்றவைக்கும் டெட்டனேட்டர் குப்பியின் கம்பியில் வெளி மின்சாரம் ஏறினால் நேரத்துக்கு முன்பே வெடித்துவிடும் என்பதால், கம்பி இணைக்கும்போது செல்போன், வாக்கி டாக்கி எதுவும் கிட்டே இருக்கக் கூடாது என்று வாசலில் பலகை இருக்கிறது. போன்களை வாங்கிப் பூட்ட அலுவலகத்தில் மரப்பெட்டி இருக்கிறது. இருந்தும் ஒளித்துக்கொண்டு வருவார்கள். ஆகையால் வெடிக்காரர் எல்லோரையும் வரிசையில் நிறுத்துவார். நான் ஒவ்வொருவர் பக்கத்திலும் சற்று நேரம் நிற்பேன். இரைந்தால் காதைத் தொடுவேன். வேலை நிற்கும். இரையாவிட்டால் பச்சைக் கொடி. ஃபோர்மேன் ஒருமுறை சாக்ஸுக்குள் ஒளித்ததையே பிடித்தேன். அன்றிலிருந்துதான் எனக்கு ரேடியோ என்று பெயர். ரேடியோ காது பொய் சொல்லாது என்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான், மறைப்பானேன்.

வெடிக்காரர் என் மனைவியின் தம்பி. எனக்கு மச்சான்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து என்னைக் கடைக்கு அழைத்துப் போய்ப் புதிய காதுக்கருவியும் அதற்குப் பொருந்துகிற போனும் வாங்கிக் கொடுத்தாள். கடைப் பெண் இதில் இரைச்சலே வராது என்றும், அழைப்பு நேராகக் காதுக்குள் கேட்கும் என்றும், காதுக்குப் பின்னால் ஒரு தட்டுத் தட்டினால் பேசலாம் என்றும், போன் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் முதலில் சொன்னதன் அர்த்தம் மண்டையில் ஏறவில்லை. மகள் அன்று மாலையே ஊருக்குத் திரும்பினாள். தினமும் பதினொரு மணிக்கு அவளுக்கு வேலையில் இடைவேளை, செவ்வாய்க்கிழமை அப்போது கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எங்கள் குவாரியில் வெடி எப்போதும் ஒரு மணிக்குத்தான். பதினொரு மணிக்கு ஓரமாகப் போய்ப் பேசிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். செவ்வாய் காலை பெட்டி முன்னால் நின்றபோது என் கை சட்டையின் உள்பைக்குப் போனது. பிறகு போனை எடுக்காமலே திரும்பி வந்துவிட்டது. அது போன் இல்லை, என் காதின் ஒரு பாகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. சோதிக்கிறவனை யார் சோதிப்பார்கள்?

அதன் பிறகு மேகம் கூடியதால், இடி வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று மச்சான் வெடியைப் பதினொரு மணிக்கு மாற்றினார். வரிசையாக நிறுத்தினார்கள். நான் முதல் ஆள் பக்கத்தில் நின்றேன், இரையவில்லை. இரண்டாவது ஆள், இரையவில்லை. மூன்றாவதாகக் கம்ப்ரசர் ஓட்டுபவர் பக்கத்தில் நிற்கும்போது, இது இரையாத கருவியாயிற்றே என்று பொறி தட்டியது. அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். மச்சான் வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடப் பெயரை ஒரு நிமிடத்தில் இழக்க மனம் வரவில்லை. மீதி ஆட்கள் பக்கத்திலும் கேட்பதுபோல நின்றேன், பிறகு பச்சைக் கொடி காட்டினேன். அதன் பிறகு என் பையில் இருந்தது நினைவுக்கு வந்தது. அணைக்கத் தெரியாது. தூரப் போகலாம் என்றால் கம்பிச் சுருளைப் பிடி என்று மச்சான் என்னைக் கூப்பிட்டார். போனேன்.

எனக்கும் அவருக்கும் நாலடி தூரம். அவர் கம்பி முனைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அப்போது என் காதுக்குள் மணி அடித்தது. அடித்ததும் கை தானாக மேலே போய்த் தட்டிவிட்டது.

"அப்பா, கேக்குதாப்பா?"

பக்கத்தில் நின்று கேட்பதுபோல இருந்தது. நான் "நல்லா கேக்குதும்மா" என்றேன். என் கை காதில் இருப்பதைப் பார்த்து மச்சான் கம்பியை விடாமலே என் பக்கம் திரும்பினார். "என்ன மச்சான்?" என்று அவர் வாய் அசைந்தது. அதன் பிறகு வெடித்தது.

வெடித்தது அவர் கைக்குக் கிட்டே இருந்த ஒரு குப்பி மட்டும்தான், பாறைக்குள் இறக்கிய மருந்து இல்லை; அதனால் நான் தப்பினேன், அவருக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. இடது கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். மகள் என்ன சத்தம் என்று கேட்டாள். வேலைச் சத்தம், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். போனால்தான் வெடித்ததா, மேகத்தாலா, கம்பி உரசியதா, அதை அறிந்தவர்கள் சொல்லட்டும். பொய்க்கொடி காட்டியது நான்.

அதன் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்க விடவில்லை. ரேடியோ கடைசி நொடியில் காதைத் தொட்டான், எவனோ போன் வைத்திருக்கிறான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒவ்வொருவராகச் சோதித்தார்கள். என்னைச் சோதிக்கவில்லை. கம்ப்ரசர் ஓட்டுபவரின் சாப்பாட்டுப் பையில் அணைத்த போன் ஒன்று இருந்தது. அவர் அணைத்துத்தான் வைத்திருந்தேன் என்று அழுதார், கேட்பாரில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், முகத்தைத் திருப்பியதால்தான் மற்ற கண் தப்பியது என்றார். அதைக் கேட்டு என் மனைவி, தம்பியைக் காப்பாற்றிய கை என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிடவும் கூசியது.

நேற்று மாலை கம்ப்ரசர் ஓட்டுபவரின் மனைவி வீட்டுக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அண்ணே, அவர் பக்கத்துல நின்னப்ப உங்க காது இரைஞ்சுதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்பிக்கிறேன்."

நான் உள்ளே போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதானே. இரவெல்லாம் வீட்டுக்குள் நடந்தேன். மனைவி, தம்பியை நினைத்துத் தவிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு இன்னும் தெரியாது. மச்சானுக்கும் தெரியாது. இங்கிருந்து போக விட்டால் நானே போய்ச் சொல்கிறேன்; விடாவிட்டால் யாரையாவது அனுப்புங்கள், ஆனால் கம்ப்ரசர் ஓட்டுபவரை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள்.

புதிய கருவியையும் போனையும் நானாகவே கழற்றிக் கொடுத்தேன். இரண்டையும் வெள்ளை உறையில் போட்டு ஒட்டினார்கள். மேலே எழுதியதை எனக்குப் படித்துக் காட்டி, கேட்டுச் சரியென ஒப்புக்கொண்டதாகக் கடைசியில் எழுதுவது முறையாம். அப்படி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். காது உறைக்குள் இருப்பதால் எழுத்தர் வாய் அசைந்ததைத்தான் பார்த்தேன். ஆகையால் தாளை வாங்கி நானே இரண்டு முறை படித்தேன். நான் சொன்னதுதான் இருக்கிறது. அவ்வளவும் நடந்தது. யாரும் மிரட்டிச் சொல்லவில்லை.

நான் ஒப்பமிடும் இந்த நேரத்தில் மேஜைமேல் உள்ள உறைக்குள் வெளிச்சம் வந்து வந்து போகிறது. மணி பதினொன்று. மகள்தான். அதையும் இதில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

(ஒப்பம்)