இன்னொரு தடவை சொல்லு

அக்கா: ...இரு, இரு. நிறுத்து. மறுபடி முதல்லேருந்து சொல்லு.

தம்பி: இப்ப என்னக்கா?

அக்கா: பின்னால ஏதோ உர்ர்ருங்குது.

தம்பி: ஃபிரிட்ஜா இருக்கும்.

அக்கா: அதை அப்பவே அணைச்சாச்சு. வண்டிச் சாவியையும் உள்ள வெச்சாச்சு.

தம்பி: இன்னுமா அந்தப் பழக்கத்த விடல நீ?

அக்கா: சாவி உள்ள இருந்தாதான் கிளம்பும்போது ஃபிரிட்ஜை மறுபடி போட ஞாபகம் வரும். இல்லேன்னா பால் கெட்டுப்போய் உன் பொண்டாட்டிகிட்ட யாரு பேச்சு வாங்கறது? ஒரு வீட்ல கேக் உருகி ஓடினது மறந்துபோச்சா?

தம்பி: மறக்குமா... பிறந்தநாள் கேக். பேரெல்லாம் வழிஞ்சு தட்டுல கிடந்துச்சு. அந்தம்மா நம்மளப் பார்த்த பார்வை இருக்கே.

அக்கா: நம்மளையா? உன்னை. நான் மைக் ஒயரச் சுத்தற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

தம்பி: கூடப் பிறந்த லட்சணம்.

அக்கா: பேசு. ஓடுது.

தம்பி: "கேமராவ கையில எடுத்ததும் முதல்ல ஆட்டோவெல்லாம் அணைக்கணும். ஆட்டோ ஃபோகஸ் இருந்தா, நீங்க கைய ஆட்டினா போதும், முகத்த விட்டுட்டு கை பின்னாடியே போயிடும். அப்புறம் ஒரு வெள்ளைக் காகிதத்த முகத்துக்குப் பக்கத்துல பிடிச்சு, இதுதான் வெள்ளைன்னு கேமராவுக்குச் சொல்லித் தரணும். இல்லேன்னா பல்பு வெளிச்சத்துல எல்லாருக்கும் மஞ்சக்காமாலை வந்த மாதிரி..."

அக்கா: கட். சட்டை உரசுது.

தம்பி: நான் அசையவே இல்லியே.

அக்கா: நீ அசையல, சட்டை அசைஞ்சுது. மைக்க கழுத்துலேருந்து ஒரு சாண் கீழ குத்து. இன்னும் கொஞ்சம்... போதும்.

தம்பி: அந்த ஹெட்போனக் குடு, நான் கேக்கறேன்.

அக்கா: தொடாத. உன் வேலை கேமரா, என் வேலை காது. அன்னிக்குப் பிரிச்சது பிரிச்சதுதான்.

தம்பி: அன்னிக்கு நீ ஒரே தடவையில ஓகேன்னுடுவ.

அக்கா: வயசாகுதுல்ல. தண்ணி குடி, குரல் கம்முது.

தம்பி: சளி.

அக்கா: ம்... எவ்ளோ நாளாச்சுடா, இப்படி ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து.

தம்பி: நம்ம முதல் ஸ்டுடியோ ஞாபகம் இருக்கா? எதிரொலிக்குதுன்னு வீட்ல இருந்த மெத்தையெல்லாம் சுவத்துல சாத்தி...

அக்கா: அப்பா வெறுந்தரையில படுத்துக்கிட்டு, "படம் எடுக்கறாங்களாம் படம்"னு விடிய விடியப் புலம்பினாரே.

தம்பி: அதையும் நீ ரெக்கார்ட் பண்ண.

அக்கா: நல்லா விழுந்துச்சு மைக்ல. எதிரொலியே இல்ல.

தம்பி: பல் டாக்டர் வீட்டுக் கல்யாணம்?

அக்கா: ஐயோ, அத எடுக்காத.

தம்பி: பட்டன அழுத்தினதுல ஒண்ணு கூடிப்போச்சு. நான் எடுக்கறேன்னு நினைச்சப்பல்லாம் கேமரா நின்னுருக்கு. நிறுத்திட்டேன்னு தொங்கவிட்டப்பல்லாம் ஓடியிருக்கு. மாப்பிள்ளையும் பொண்ணும் ஒரு இடத்துலகூட இல்ல. பூரா செருப்பும் தரையும்.

அக்கா: தரை மட்டுமா? பொண்ணோட அப்பா தூணுக்குப் பின்னால போய், "இனி வீட்ல யாரோட சண்டை போடுவேன்"னு அழுதது என் மைக்ல அப்படியே இருந்துச்சு.

தம்பி: உதைக்கப்போறாங்கன்னு பயந்துகிட்டே கொண்டுபோனோம். அந்தப் பொண்ணு இன்னிக்கும் அந்த டேப்பத்தான் போட்டுக் கேக்குதாம். அப்பா போனப்புறம் அது ஒண்ணுதான் இருக்காம்.

அக்கா: ...சரி, விட்டதுலேருந்து சொல்லு. இல்ல, முதல்லேருந்தே சொல்லு.

தம்பி: மறுபடியுமா?

அக்கா: மறுபடிதான்.

தம்பி: கொடுமைக்காரி. விட்டதுலேருந்துதான் சொல்லுவேன். "ஆட்டோவெல்லாம் அணைக்கணும், காகிதத்தக் காட்டணும்னு பார்த்தோம். அடுத்து ஷட்டர். செகண்டுக்கு இருபத்தஞ்சு படம் எடுத்தா ஷட்டர அம்பதுல வை. அப்பதான் ஓடறவன் ஓடற மாதிரி இருப்பான். ரொம்பக் கூட்டினா வெட்டி வெட்டிப் போவான், பாத்துக்க குட்டி. சத்தத்துக்கும் ஆட்டோ வேணாம். நீ மூச்சு விடறப்பல்லாம் அதுவா சத்தத்தக் கூட்டிக்கும், அப்புறம்..."

அக்கா: கட்.

தம்பி: இப்ப என்ன உரசுது?

அக்கா: ஒண்ணும் உரசல. குட்டின்னு சொன்ன.

தம்பி: சொன்னேனா?

அக்கா: சேனல்ல போடற பாடம்னுதானே என்னை வரச் சொன்ன? பாக்கறவங்கல்லாம் உனக்குக் குட்டியா?

தம்பி: வாய் தவறி...

அக்கா: உன் பொண்ணுக்கு நாலு வயசுடா. அவளுக்கு எதுக்கு ஷட்டர்?

தம்பி: வளர மாட்டாளா?

அக்கா: வளரட்டும். அப்ப பக்கத்துல உக்கார வெச்சு நீயே சொல்லிக் குடேன்.

தம்பி: முடியாதுக்கா.

அக்கா: ஏன்?

தம்பி: ...சளி இல்லக்கா. தொண்டையில கட்டி. குரல்வளையையே எடுத்தாகணுமாம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். ஆள் பிழைச்சுக்குவேன்னு சொல்றாங்க. குரல்தான்...

அக்கா: ...

தம்பி: அழாதக்கா. மைக்ல விழும்.

அக்கா: யாரு அழுதா?

தம்பி: கருவி வெச்சுப் பேசப் பழகிக்கலாமாம். பழகிக்குவேன், அது பிரச்சனையில்ல. ஆனா அது வேற யாரோ பேசற மாதிரிதானே இருக்கும்? நாலு வயசுல கேட்ட குரல் யாருக்கு ஞாபகம் இருக்கு, சொல்லு. அதுதான் என்னைத் தின்னுது.

அக்கா: அதுக்கு ஒரு கதை சொல்லேன்டா. அவ பேரச் சொல்லிக் கூப்பிடேன். அத விட்டுட்டு ஷட்டரு, ஃபோகஸுன்னுகிட்டு...

தம்பி: செஞ்சு பார்த்தேன். தனியா போன்ல. "அப்பா பேசறேன்டா கண்ணு"ன்னு ஆரம்பிச்சா அதுக்கு மேல வரமாட்டேங்குது. கேமராவப் பத்தின்னா கடகடன்னு வருது. எனக்குப் பேசத் தெரிஞ்சது அதுதானே.

அக்கா: சரி. அப்ப அதையே பேசு. குட்டிகிட்டயே பேசு. சேனல் கீனல்னு நடிக்காத. ஓடுது.

தம்பி: "குட்டி... எடுத்து முடிச்சதும் உடனே மூட்டை கட்டாத. அந்த ரூமோட சத்தத்தக் கொஞ்ச நேரம் எடுத்து வெச்சுக்க. பேச்ச வெட்டி ஒட்டறப்ப நடுவுல ரொப்ப அது வேணும். யாரும் பேசாத ரூமுக்கும் ஒரு சத்தம் உண்டு. உன் அத்தைதான் எனக்கு அதக் கேக்கக் கத்துக் குடுத்தா. இப்ப நாங்க ரெண்டு பேரும் சும்மா இருக்கப் போறோம். நீ கேளு."

அக்கா: ...

தம்பி: ...

அக்கா: ...போதும். வந்துடுச்சு.

தம்பி: அப்பாடி. ஒரே தடவையில ஓகே சொல்லிட்ட. ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. காதை யாருகிட்டயாவது போய்க் காட்டு. உர்ருங்கற, உரசுதுங்கற... எனக்கு ஒரு மண்ணும் கேக்கல.

அக்கா: காதுக்கு ஒண்ணும் இல்லடா. முதல் தடவையே சுத்தமாத்தான் வந்துச்சு. எல்லாத் தடவையும் அப்படித்தான். உன் பொண்டாட்டி போன மாசமே போன் பண்ணிச் சொல்லிட்டா. நீயா சொல்லட்டும்னு வாயத் திறக்காம இருந்தேன். உன்னை எவ்ளோ பேச வைக்க முடியுமோ அவ்ளோ பேச வெச்சேன். எதையும் அழிக்கல. குட்டிக்கு நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுக்கறேன். மத்ததெல்லாம் எனக்கு வேணும்.