தேதியை மாற்றியது நான்தான்

வீட்டுக் கம்ப்யூட்டரில் எதைத் திறந்தாலும் 'இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல' என்று வந்தால், முதலில் மூலையில் இருக்கும் தேதியைப் பாருங்கள் மச்சான். ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். அது இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும். கம்ப்யூட்டரின் தேதி இரண்டு வருஷம் பின்னால் கிடந்தால், நல்ல சான்றிதழையும் செல்லாது என்று தள்ளிவிடும். இவ்வளவுதான் விஷயம்.

உங்கள் தங்கைக்கு இது தெரியாது. அத்தை படுத்திருந்த வார்டில் சொந்தப் போனுக்கு அனுமதி இல்லை. பார்வை நேரத்தில் ஆஸ்பத்திரித் தளம் வழியாகத்தான் முகம் பார்க்கலாம். அவளிடம் இருப்பது பட்டன் போன், ஆகவே கம்ப்யூட்டரே கதி. அணைத்துப் போட்டாள், ஒயரைப் பிடுங்கிச் செருகினாள், விசைப்பலகையைக் குத்தினாள். சிவப்பு எழுத்து அசையவில்லை. நான் வேலை முடிந்து வந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பாள்.

"அம்மா முகத்த ஒரு தடவ பாத்தா போதுங்க. எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க."

நானும் உட்கார்ந்து மணிக்கணக்காகத் தட்டுவேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினேன் என்பீர்கள். சொல்லுங்கள். ஒரு நாள் அவளே ரிப்பேர்காரரை வரவழைத்தாள். அவர் வருமுன் தேதியைச் சரிசெய்து வைத்தேன். எல்லாத் தளங்களும் திறந்தன, பார்வை நேரம் மட்டும் முடிந்திருந்தது. அவர் சிரித்துவிட்டுப் போனார். அவள் தனக்கு மூளையே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் தேதி பழையபடி ஆனது. பக்கத்து வீட்டில் கேட்கிறேன் என்றாள். நம் வீட்டு அழுகையை ஊருக்குக் காட்டாதே என்றேன்.

எரிச்சல் எனக்கும்தான். தினமும் அதே புலம்பல், உப்பில்லாத சாப்பாடு. ஆனால் அத்தையின் கோலத்தைப் பார்த்திருந்தால் அன்றே ஊருக்குக் கிளம்பியிருப்பாள். மாமா படுத்தபோது போனவள் திரும்பி வர எத்தனை மாதம் ஆனது என்று உங்களுக்கே தெரியும். நான் கல்லா, மண்ணா? அவள் பயப்படக் கூடாதென்று நீங்களும்தானே போனில் 'அம்மா பரவால்ல' என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?

நர்ஸ் உங்களிடம் சொன்னது உண்மைதான். என் போனில் தேதி சரியாகவே இருந்தது. இங்கே அவள் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டும் அதே நேரத்தில், நான் அலுவலக மாடிப்படியில் நின்று அத்தையைப் பார்த்தேன். தொண்டையில் குழாய், பேச முடியாது. என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடுவார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"அவ வரமாட்டேங்கிறா அத்தை. உங்கள இப்படிப் பாக்கப் பிடிக்கலையாம்."

கண்ணிலிருந்து தண்ணீர் வழியும், நர்ஸ் துடைத்துவிடுவார். கொஞ்ச நாளில் தேடுவதை விட்டுவிட்டார்கள். அதுவும் ஒரு நிம்மதிதான் என்று நினைத்தேன்.

இப்போது அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, என்னைக் கொலைகாரன் என்கிறாள். நீங்கள் பெரியவர், எடுத்துச் சொல்லுங்கள். பெற்ற மகள் ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காதபோது, கடைசி மூச்சு வரை அத்தையின் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.