உலகம் அழிந்த பிறகு சமையல்

டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் பேருந்து திருவொற்றியூரில் வெகுநேரம் நின்றது. எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை போலும், மடியில் மஞ்சள் ஹெல்மெட். திடீரென்று சொன்னார்:

“ஒலகமே அழிஞ்சிடுச்சுன்னு வெச்சுக்கோ மேரி. நம்மள மாதிரி கொஞ்ச பேருதான் மிச்சம். எல்லாத்தையும் மொதல்லேர்ந்து கட்டணும். நான்தான் தலைவரு.”

“செரி.”

“உன் தம்பி மீன் புடிப்பான். என் தோஸ்துங்க வூடு கட்டுவானுங்க.”

“சோறு யாரு ஆக்குவா?”

“நீதான்.”

“தண்ணி புடிக்கிறது, துணி தொவைக்கிறது?”

“அதுவும் நீதான். நீதானே நல்லா செய்வே.”

“அப்ப இன்னாதான்யா அழிஞ்சுது?”

பக்கத்து இருக்கைப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் ஹெல்மெட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

“உன் ஒலகத்த நீயே ஆளுய்யா. நான் காத்திவாக்கம் பக்கம் தனியா ஒண்ணு கட்டிக்கிறேன். பொம்பளைங்கல்லாம் என்னாண்ட வந்துடுவாங்க.”

“நான் வரலாமா?”

“சோறாக்கத் தெரிஞ்சா வா.”

லாரிகள் நகர்ந்தன. ராயபுரம் வந்தது. இறங்க எழுந்தபோது அவர் மனைவியின் காதருகே குனிந்து கேட்டார்:

“மீன் கொழம்புக்குப் புளி எவ்ளோ கரைக்கணும்?”