கடைசி சீட்டுக்கு அடியில்

தமிழழகன்: ...இந்தப் பூனைக்குட்டி சில்லுனு ஆயிடுச்சுண்ணே. அசைவே கம்மியா இருக்குது.

வேடியப்பன்: எங்க கெடந்துச்சு?

தமிழழகன்: பஸ்ஸு படிக்கட்டாண்ட. மத்த மூணும் கடைசி சீட்டுக்கு அடியில அவ கூட கீது. இத மட்டும் கவ்வினு வந்து பாதியில போட்டுட்டுப் போயிருக்கா.

வேடியப்பன்: சின்னப் பொண்ணுடா. தலப்பிரசவம். எங்க வெக்கிறது, இன்னா பண்றதுன்னு தெரியல. துண்டுல வச்சித் தேயி.

தமிழழகன்: இப்படியா?

வேடியப்பன்: டிக்கெட்டு கிழிக்கறாப்பல இழுக்காத. அவ நாக்கால நக்குனா எப்படி இருக்கும், அப்படி. மெல்ல.

தமிழழகன்: மெல்லன்னு யாரு சொல்றது பாரு. தியாகதுருகம் ஏத்தத்துல நீங்க கியர் போட்டா ஊரே எழுந்துக்குது.

வேடியப்பன்: அது வண்டி கோளாறு. டிரைவரக் கொற சொல்லாத.

தமிழழகன்: பால் எதாவது வாங்கியாந்து வாயில ஊத்தலாமா?

வேடியப்பன்: மாட்டுப் பால் வாணாம். வயித்தால போயிடும். மொதல்ல சூடு ஏறட்டும். பானட்டு மேல பாட்டில்ல தண்ணி வச்சனே, வெயில்ல காஞ்சிருக்கும். அத சட்டயில சுத்திக் குட்டியாண்ட வையி.

தமிழழகன்: என் சட்ட அதுங்க அடியிலதான கெடக்குது.

வேடியப்பன்: அப்ப என் சட்டய எடு.

தமிழழகன்: ரெண்டு பேரும் பனியனோட நின்னா, மொதலாளி பாத்துட்டு...

வேடியப்பன்: மொதலாளி உளுந்தூர்பேட்டையில ஒக்காந்துக்கினு இருக்காரு. முன்னாடி ஒரு புளியமரம் குறுக்க கெடக்குது, பின்னாடி ஒண்ணு. மறியல் முடியற மட்டும் அவரு எங்க வர்றது? ஏறின ஜனமெல்லாம் மரம் வுழுந்த அன்னிக்கே எறங்கி நடந்துடுச்சு.

தமிழழகன்: நானும் நடந்திருப்பன். அம்மா வூட்ல தேடிக்கினு இருக்கும்.

வேடியப்பன்: வாணாம், வாணாம். நீ போய்ட்டா நான் ஒண்டி ஆளு இதுங்கள எப்படிப் பாப்பன்? பூனைக்கு ஆள் வேணும்னு அன்னிக்கே சொன்னனே.

தமிழழகன்: ம்... பூனைக்கு ஆள் வேணும். சரி.

வேடியப்பன்: இன்னா சிரிக்கற?

தமிழழகன்: ஒண்ணும் இல்ல. அண்ணே, மரத்தாண்டயிருந்து யாரோ வராங்க. கையில கோடாலி.

வேடியப்பன்: வரட்டும். நீ குட்டியப் பாரு. தலையத் தூக்காத.

வீரமுத்து: டிரைவர் அண்ணே... இன்னும் எறங்கலயா? அன்னிக்கே சொன்னமே, வண்டிய வுட்டுட்டுப் போங்கன்னு.

வேடியப்பன்: மெல்லப் பேசு வீரமுத்து. உள்ள புள்ள பெத்தவ ஒருத்தி படுத்துக்கினு இருக்கா.

வீரமுத்து: யாரு? பஸ்ஸுலயா?

வேடியப்பன்: பூனை.

வீரமுத்து: ...பூனையா.

வேடியப்பன்: நீங்க மரம் வெட்டுன சத்தத்துல மெரண்டு ஏறினவ, அப்படியே பெத்துட்டா.

வீரமுத்து: நல்லா கீது. இட ஒதுக்கீடு வேணும்னு ஊரே ரோட்ல ஒக்காந்துக்குது. நீங்க நம்ம சனமா இருந்துக்கினு பூனைக்குக் காவல்.

வேடியப்பன்: கேக்கறது நாயம்தான்ப்பா. என் புள்ளயும் பத்தாவது முடிச்சிட்டு ஏர் ஓட்டிக்கினுதான் இருக்கான். அதுக்காவ என்ன நம்பிக் குடுத்த வண்டிய வுட முடியாது.

வீரமுத்து: இவரு யாரு?

வேடியப்பன்: எங் கண்டக்டரு.

வீரமுத்து: எந்த ஊரு? ...ஒங்களத்தான் கேக்கறன். எந்த ஊரு, எந்தத் தெரு?

வேடியப்பன்: ஒரு குட்டி சாவக் கெடக்குது, தெருவக் கேட்டுக்கினு. கோடாலியக் கீழ வச்சிட்டு இப்படி வா. மடியில வுடப் போனா அவ என்னப் பாத்துச் சீறுறா. நீ இந்தத் துண்ட அவ மூஞ்சிக்கு நேரா மறப்பாப் புடி.

வீரமுத்து: நானா?

வேடியப்பன்: நீதான். ஆங்... இன்னும் கொஞ்சம் தாழ. தமிழு, குட்டிய அவ படுத்திருக்கற துணியில ஒரு தேய் தேய்ச்சிட்டு வுடு. அவ வாசன ஒட்டுனாத்தான் சேத்துக்குவா.

தமிழழகன்: தேச்சிட்டன்.

வேடியப்பன்: வாய காம்பாண்ட கொண்டு போ. அழுத்தாத.

தமிழழகன்: புடிக்க மாட்டேங்குதுண்ணே. தல தொங்குது.

வேடியப்பன்: இரு... அவசரப்படாத.

வீரமுத்து: இன்னொரு காம்புல வச்சிப் பாருங்க. ஆடு குட்டி போட்டா நாங்க அப்படித்தான் மாத்தி மாத்தி வெப்போம்.

தமிழழகன்: ...புடிச்சிக்கிச்சு.

வீரமுத்து: குடிக்குதா?

தமிழழகன்: குடிக்குதுங்க. தொண்ட ஏறி எறங்குது பாருங்க. காலால வேற மிதிக்குது.

வீரமுத்து: துண்ட எடுக்கட்டுமா?

வேடியப்பன்: மெல்ல எடு. அவ இன்னா பண்றான்னு பாப்போம்... ம். நக்க ஆரம்பிச்சிட்டா. இனிமே பயம் இல்ல.

வீரமுத்து: இவளுக்கு இன்னா குடுத்தீங்க திங்க?

வேடியப்பன்: நாங்க தின்ன கூழுதான். மோந்து பாத்துட்டு வுட்டுட்டா.

வீரமுத்து: பால் சொரக்க வேணாமா? வூட்ல கருவாடு இருக்குது, அனுப்பறன். அப்பறம்... மறியல் இன்னியோட முடியுது. மத்தியானம் மரத்த இழுத்துடுவோம். அதச் சொல்லத்தான் வந்தன்.

தமிழழகன்: மணலூர்பேட்டைங்க.

வீரமுத்து: இன்னாது?

தமிழழகன்: கேட்டீங்களே. மணலூர்பேட்டை. காலனி.

வேடியப்பன்: வீரமுத்து...

வீரமுத்து: கருவாட்ட முள்ளு எடுத்துட்டுக் குடுங்க தம்பி. சின்னப் பூனை, தொண்டையில மாட்டிக்கும். வரேண்ணே.

வேடியப்பன்: ...போய்ட்டானா?

தமிழழகன்: மரத்தாண்ட போய்ட்டாரு.

வேடியப்பன்: ஏன்டா நீயா வாயத் தொறந்த? நான்தான் பேச்ச மாத்திட்டனே.

தமிழழகன்: நமக்காவ துண்டு புடிச்சிக்கினு நின்னாரு. அந்த ஆளாண்ட மறைக்கத் தோணல.

வேடியப்பன்: தமிழு... ஒண்ணு சொல்றன், கோச்சிக்காத. பூனைக்கு ஆள் வேணும்னு ஒன்ன நிறுத்தி வச்சனே, அது பொய்யி. அன்னிக்கு அவ நல்லாத்தான் பால் குடுத்துக்கினு இருந்தா. வழியில தெரு கேட்டு அடிக்கறாங்கன்னு சேதி வந்துச்சு. ஒன்னத் தனியா வுட மனசு வரல. சொன்னா ரோஷப்பட்டுக் கெளம்பிடுவன்னுதான்...

தமிழழகன்: தெரியும்ணே. வண்டி மேல இன்னா வுழும்னு தெரியாது, எறங்கிப் போயிடுன்னு மறியல்காரங்க ஒங்களாண்ட சொன்னப்ப, நான் பின் சீட்ல கண்ண மூடிக்கினு கேட்டுக்கினுதான் இருந்தன். நீங்க எறங்க மாட்டன்னீங்க. ஒங்கள ஒண்டியா வுட்டுட்டு எப்படிப் போறது? அதான் நானும் பூனைக்குன்னே இருந்துட்டன்.