இருபத்திரண்டு மில்லிமீட்டர்

காபியைக் குடித்துவிடு ஸ்னேஹா, ஆறினால் நன்றாக இருக்காது. உன் அப்பா கிளாரன்ஸுக்கும் இந்த டம்ளரில்தான் கொடுப்பேன். அவனுக்கு மட்டும் சர்க்கரை ஒரு ஸ்பூன் கூட.

நீ மேசைமேல் வைத்த கடிதத்தைப் பார்த்துவிட்டேன். பெயர் போடாமல் கம்ப்யூட்டரில் அடித்தது. உனக்கு நிச்சயம் செய்திருந்த பையன் நேற்றுத்தான் அதை உன்னிடம் கொடுத்தானாக்கும். ஒரு வரியின் கீழே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறாய். அதற்கு வருகிறேன்.

பதினெட்டு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீலசந்திராவிலிருந்து உன் அப்பா இங்கே வந்திருக்கிறான். நான் சேர்த்த டோக்கன்களை உட்கார்ந்து பார்ப்போம். அந்தக் காலத்துத் தொழுநோய்க் குடியிருப்புகளில், நோயாளிகள் தொட்ட காசு வெளியே வந்துவிடக் கூடாது என்று தனியாக அடித்த டோக்கன்கள். வேலிக்கு உள்ளே மட்டும் செல்லும் காசு. என்னிடம் முப்பத்தொன்று இருந்தன.

முப்பத்திரண்டாவது உன் அப்பாவிடம் இருந்தது. உன் தாத்தா குணமாகி வெளியே வந்த அன்று வாய்க்குள் ஒளித்து எடுத்துவந்தது. இந்தக் குடும்ப ரகசியத்தை அவன் என் ஒருவனிடம்தான் சொல்லியிருந்தான்.

"எனக்கப்புறம் இது உனக்குத்தான்டா ரங்கா. வேற யாருக்கு இதோட அருமை தெரியும்?" என்றான். அதை நம்பி ஆல்பத்தில் ஓர் இடத்தைக் காலியாகவே விட்டுவைத்தேன்.

உன் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது சிரித்துக்கொண்டே வந்தான்.

"ஸ்னேஹாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா. தாத்தாவோடது, செயின்ல கோத்துக் கல்யாணத்தன்னிக்குப் போட்டுக்கறேங்கறா. மாப்பிள்ளை வீட்டுக்கு அப்புறமா மெதுவாச் சொல்லிக்கலாம். பாலிஷ் போட ஆசாரிகிட்டப் பேசிட்டேன்."

"பாலிஷா?"

"பின்ன, பளபளன்னு இருக்க வேணாமா? மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? டென்ஷன் ஆகாத ரங்கா, உனக்கு ஃபோட்டோ எடுத்துத் தர்றேன்."

ஃபோட்டோ. பதினெட்டு வருட வாக்குக்கு ஒரு ஃபோட்டோ. பழைய உலோகத்தின்மேல் படிந்த நிறம்தான் அதன் உயிர், பாலிஷ் போட்டால் செத்துவிடும் என்று அவனுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். துரோகத்தை இத்தனை சந்தோஷமாக ஒருவன் செய்வான் என்று நான் நினைத்ததில்லை.

அன்று மாலையே மாப்பிள்ளை வீட்டுக்கு இந்தக் கடிதத்தை எழுதினேன். பொய் ஒரு வரிகூட இல்லை. அந்த நோய் மருந்தில் முழுக்கக் குணமாகும், வம்சத்தில் தொடராது என்று டோக்கன் சேர்ப்பவர்கள் கூட்டங்களில் நானே பேசியிருக்கிறேன். அதைக் கடிதத்தில் சேர்க்கவில்லை. ஒரு பக்கத்துக்குமேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை.

நான்காம் நாள் கல்யாணம் நின்றது. உன் அப்பா வந்து டோக்கனை இதே மேசைமேல் போட்டான்.

"இந்தச் சனியன் என் கண்ணுலயே படக்கூடாது. நீயே வெச்சுக்கோடா. இப்பவும் எங்களை ஒதுக்காதவன் நீ ஒருத்தன்தான்."

அழுதான். முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்த மாதமே அவனுக்கு மாரடைப்பு வரும் என்று யார் கண்டது? கல்லறைத் தோட்டத்தில் உன் பக்கத்தில் நான்தானே நின்றேன்.

இப்போது சிவப்புக் கோடு. 'பித்தளை, இருபத்திரண்டு மில்லிமீட்டர், 3.8 கிராம், நடுவில் துளை.' மாப்பிள்ளை வீட்டுக்கு இதெல்லாம் எதற்கு? ஆனால் அளவும் எடையும் குறிக்காமல் ஒரு டோக்கனைப் பற்றி எழுத எனக்கு வராது.

"இப்படி எழுத பெங்களூர்ல வேற யாரு இருக்காங்க அங்கிள்?" என்று வந்ததும் கேட்டாய். யாரும் இல்லையம்மா. நான்தான் எழுதினேன். உன் கல்யாணம் நின்றதற்கு நான்தான் காரணம். உன் அப்பா விஷயத்தில் டாக்டர் இதயம் என்றுதான் சொன்னார், அதற்குமேல் எனக்குத் தெரியாது.

டோக்கனைக் கேட்கிறாய். உன் தாத்தாவுடையது, நியாயம்தான். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நீயே எடுத்துக்கொள்.

விளிம்பைப் பிடித்து எடு ஸ்னேஹா. விரல் பட்டால் கறை விழுந்துவிடும். அதற்கு ஒரு கெடுதலும் வரக் கூடாது என்றுதானே நான் இவ்வளவும் செய்தேன்.