வண்டு கேமின் இடது மூலை

பழைய விளையாட்டுகளைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் கெடுப்பது சத்தத்தைத்தான். படத்தை எப்படியாவது கொண்டுவந்துவிடுவார்கள். சத்தம் மட்டும் கழுவித் துடைத்து வைத்ததுபோல் இருக்கும்.

எழுத வந்த நீங்கள் ஸ்ரீஸ்கந்தராசாவைப் பற்றித்தான் கேட்டீர்கள். வருகிறேன். விளையாட்டைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

என் பெயர் ஹியூபேட். பிறந்ததும் வளர்ந்ததும் இன்றைக்கு இருப்பதும் கொழும்பில் கொட்டாஞ்சேனை. நான் பள்ளிக்கூடம் விட்ட காலத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு விளையாட்டு ஹோல் இருந்தது. உள்ளே காசு போட்டு விளையாடும் ஆளுயரப் பெட்டிகள். அதில் ஒன்றை வண்டு கேம் என்போம். மேலிருந்து வண்டுகள் வரிசையாகச் சுட்டுக்கொண்டு இறங்கும். கீழே நம்முடைய பீரங்கி. அதில் என்னை யாரும் வென்றதில்லை. முகத்துவாரத்திலிருந்து வந்து தோற்றுப்போனவர்களும் உண்டு. நான் ஆடும்போது பின்னால் ஆட்கள் கூடி நிற்பார்கள். பிறகு எந்த வேலையிலும் எனக்குப் பின்னால் யாரும் அப்படி நின்றதில்லை.

எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் அந்த ஹோல் எரிந்தது. காவலுக்குப் படுத்திருந்த மனிதரும் உள்ளே இருந்தார். அவருடைய பெயர் மறந்துவிட்டது. பெட்டியின் பக்கப் பலகையில் ஓடிய நீலக் கோடு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிறகு கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை பார்த்தேன். சிங்களம் சரளமாக வரும் என்பதால் சோதனைச் சாவடிகளில் எனக்குச் சிரமம் இருந்ததில்லை. கலியாணம் செய்யவில்லை. ஓரிடத்தில் நிம்மதியாக உட்காரவும் பழகவில்லை. சாப்பிடும்போதுகூட இடது கைப் பெருவிரல் பொத்தானைத் தேடும்.

இரண்டாயிரத்து ஆறில், யுத்தம் மறுபடி தொடங்கியிருந்த நேரம், பழைய கூட்டாளி ஸமீம்தான் செய்தி கொண்டுவந்தான். “வெள்ளவத்தையில ஒரு யாழ்ப்பாணத்து ஆள் பழைய கேமெல்லாம் திரும்பச் செய்து வெச்சீக்கிறாராம். ஒங்கட வண்டும் ஈக்கிதாம்.”

ஸமீமையும் கூட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனேன். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் சின்னக் கடை. ஸ்ரீஸ்கந்தராசா சாவகச்சேரியில் ரீவி திருத்திக்கொண்டிருந்தவர். மெலிந்த ஆள், என்னைவிட இளையவர். தச்சரைக் கொண்டு பெட்டி செய்வித்து, உள்ளே கம்பியூட்டரை வைத்துப் பழைய விளையாட்டுகளை ஓடவிட்டிருந்தார். மனைவி சிவமணி கல்லாவில் இருந்தாள். வண்டுகள் இறங்கத் தொடங்கியபோது என் கண் கலங்கியது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் பீரங்கியை நகர்த்தும் பிடி தளர்வு. சத்தம் சுத்தம். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இடது மூலையைத்தான் பொறுக்க முடியவில்லை. பழைய பெட்டியில் இடது மூலையோடு ஒட்டி நின்றால் வண்டுகளின் குண்டு படாது. அங்கே நின்றுதான் நான் ஆடுவேன். இங்கே அந்த மூலையில் நின்றதும் செத்துப்போனேன். திரும்ப ஆடினேன். திரும்பவும் அப்படியே.

“அண்ணை, அது செய்த ஆக்கள் விட்ட பிழை. நான் திருத்திப்போட்டன்” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா. “இப்ப எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான்.”

“அது பிழை இல்லை தம்பி. அதுதான் விளையாட்டு. இருந்தபடியே வையுங்கோ.”

“அப்ப விளையாடத் தெரியாத ஆளும் வெல்லுவார் எல்லோ?”

அவர் குத்திக் கதைக்கிற மனிதர் இல்லை. உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் ஸமீம் நின்றான். “அப்ப ஒங்கட கெட்டித்தனமெல்லாம் அந்த மூலைதானா?” என்று சிரித்தான். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு பழைய பொருளைத் தொடுகிறவனுக்கு அதன் குறையையும் காப்பாற்றும் கடமை உண்டு என்பது என் கருத்து. இன்றைக்கும் அதுதான். அந்தக் கிழமை ஏழு நாளும் இருப்புக்கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் வெள்ளவத்தைக்குப் போய், கடைக்குள் நுழையாமல் ரயில் பாதை ஓரமாக மேலும் கீழுமாக நடந்தேன். உள்ளே புதுப் பெடியன்கள் என் விளையாட்டை ஆடும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், சாவடிக்குப் பக்கத்தில் சீருடை இல்லாத ஒருவர் என்னை மறித்து, இங்கே அடிக்கடி என்ன வேலை என்று சிங்களத்தில் கேட்டார். கேட்டதால்தான் சொன்னேன். அந்தக் கடைக்காரர் சாவகச்சேரி ஆள், பெட்டிகளுக்குள் வயரும் போர்ட்டும் பொருத்துகிறார், பின் அறையில் பூட்டிக்கொண்டு வேலை செய்கிறார், பெடியன்கள் வந்து போகிறார்கள் என்றேன். ஒரு சொல்லும் பொய் இல்லை. விளையாட்டு என்ற சொல்லை மட்டும் சொல்லவில்லை. அவர் அதைக் கேட்கவுமில்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில் கடை திறக்கும்போது ஒரு வான் வண்டியில் ஆட்கள் வந்து அவரைக் கொண்டுபோனார்கள்.

ஸமீமிடம் விலாசம் கேட்டு, சிவமணி என்னைத் தேடிக் கொட்டாஞ்சேனைக்கே வந்தாள். “அண்ணை, நீங்கள் சிங்களம் நல்லாக் கதைப்பியள். என்னோட ஒருக்கா பொலிசுக்கு வாங்கோ. எனக்கு வேற ஒருத்தரையும் தெரியாது.”

போனேன். மறுக்க மனம் வரவில்லை. பெரிய அதிகாரி பொறுமையாகவே பேசினார். வயதான மனிதர், மேசையில் மருந்துப் போத்தல் இருந்தது. ஆள் இன்னும் கொழும்பில்தான் இருக்கிறார், பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை என்றார். இவரை நன்றாகத் தெரிந்த, நிரந்தர விலாசமுள்ள கொழும்பு ஆள் யாராவது பொறுப்பு நின்றால் இன்றைக்கே விடச் சொல்லிக் கதைக்கலாம் என்றார். என் வேலை அட்டை அவர் முன்னால்தான் கிடந்தது. “உங்களுக்கு அவரைத் தெரியுமா?” என்று என்னிடமே கேட்டார்.

தெரியாது என்றேன். மொழிபெயர்க்க மட்டும் வந்தேன் என்றேன்.

சிவமணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னவாம் அண்ணை?”

“அவையளுக்கு ஒண்டும் தெரியாதாம் தங்கச்சி. அடுத்த கிழமை வரட்டாம்.”

அவள் அதிகாரியைக் கும்பிட்டாள். அவருக்கு எதற்கென்று விளங்கவில்லை. என்னையும் கும்பிட்டாள். வெளியே வந்து ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்ததும், அடுத்த கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டாள்.

அடுத்த கிழமை அந்த அதிகாரி அங்கே இல்லை. மாற்றலாகிப் போயிருந்தார். வந்தவருக்கு அப்படி ஒரு பெயரே தெரியாது. அதற்குப் பிறகு நாங்கள் எத்தனையோ வாசல்களில் போய் நின்றோம். எல்லா இடத்திலும் நான்தான் மொழிபெயர்த்தேன். அவற்றில் எல்லாம் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன், அதையும் நீங்கள் எழுத வேண்டும்.

கடையை விட்டு ஊருக்குப் போகும்போது சிவமணி வண்டுப் பெட்டியை எனக்கே தந்துவிட்டாள். “அவருக்கு உங்களில நல்ல விருப்பம் அண்ணை. பழசைத் தெரிஞ்ச ஒரே ஆள் எண்டு சொல்லுவார்.” இப்போது அது என் முன் அறையில் இருக்கிறது. நீங்கள் உள்ளே வரும்போது பார்த்திருப்பீர்கள். பக்கப் பலகையில் நீலக் கோடு அடித்துவிட்டேன். புதுப் பிடி தேடிப் போட்டேன். மூலையை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வேலை தெரிந்தவர்கள் கொழும்பில் குறைவு.

அவர் இருந்திருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன். நல்ல மனிதர், கட்டாயம் செய்து தந்திருப்பார்.